வாசிகசாலை மண்டபத்துக்கு 36×24 அங்குலத்தில் மூன்று படங்கள்: கோப்புகளை எப்படித் தயார் செய்வது?

வடலி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையின் புதிய மண்டபம் கட்டி முடிந்துவிட்டது. நீளச் சுவரில் மூன்று பெரிய படங்கள் மாட்டுவதென்று நிர்வாகசபை தீர்மானித்து, வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மூன்றும் 36×24 அங்குலம் என்று அளவையும் சொல்லிவிட்டார்கள்.

முதலாவது, யாழ்ப்பாணத்து அரியாலைப் பக்கக் கடல்நீரேரியில் விடியற்காலையில் நான் எடுத்த பூநாரைக் கூட்டம். கமரா 24 மெகாபிக்சல். பறவைகள் தூரத்தில் நின்றதால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன். இப்போது 3000×2000 பிக்சல் இருக்கிறது. இரண்டாவது, நல்லூர்த் தேர். அதை என் மைத்துனர் கைத்தொலைபேசியில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்றாவதைத்தான் ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது: வாசிகசாலையின் பழைய கிடுகுக் கூரைக் கட்டடத்தின் முன் அந்தக் காலப் பெரியவர்கள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். தபாலட்டை அளவுதான் இருக்கும். இடப்பெயர்வுகளில் மற்றப் பிரதிகள் எல்லாம் போய்விட்டன. ஒரு வீட்டுப் பெட்டகத்துக்குள் இருந்த இந்த ஒன்றுதான் மிச்சம்.

பிரிண்ட் போடும் கடையில் கோப்புகளைக் காட்டினேன். "300 டிபிஐ இல்லை, இந்த அளவில் போட முடியாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே முடியாதா?

ஒளிக்கூடு:

முடியும் தம்பி. மூன்றையும் மாட்டலாம். ஆனால் பிக்சலை எண்ணுவதற்கு முன் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சுவருக்கு முன்னால் என்ன இருக்கிறது? மேசை, கதிரை போடுவீர்களா, அல்லது ஆட்கள் சுவரோரமாக நடந்து போவார்களா?

300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கைக்குள் வைத்துப் பார்க்கும் அல்பத்துக்கான கணக்கு. சாதாரணக் கண் ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு வரைக்கும் பிரித்தறியும். அதை அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்று மாற்றினால் ஒரு எளிய வாய்பாடு கிடைக்கும்: 8700ஐ, பார்க்கும் தூரத்தின் சென்ரிமீற்றரால் வகுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்துக்கு 290. ஒரு மீற்றருக்கு 87. இரண்டு மீற்றருக்கு 44 போதும். கடைக்காரர் சொன்ன 300 கையில் பிடிக்கும் படத்துக்குச் சரி. சுவரில் தொங்கும் மூன்றடிப் படத்துக்கு அதையே கேட்பது தேவையில்லாத கண்டிப்பு.

உங்கள் பூநாரைப் படம் 3000 பிக்சல், 36 அங்குலம். வகுத்தால் 83. ஒரு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு இது எல்லைக்கோடு; ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்பவருக்குத் தாராளம். ஆகவே எங்கே மாட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

தட்டிவான்:

இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இப்போது செயற்கை நுண்ணறிவில் படத்தைப் பெருப்பிக்கும் மென்பொருள்கள் நிறைய வந்துவிட்டன. அடோபி 2021இலேயே கமரா ரோ என்ற தன் படம் திருத்தும் மென்பொருளுக்குள் சூப்பர் ரெசொலூஷன் என்ற வசதியைத் தந்தது. நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, மொத்தப் பிக்சல் நான்கு மடங்கு. 3000×2000 படம் 6000×4000 ஆகிவிடும். மூன்று படங்களையும் அதற்குள் போட்டு எடுத்தால் கடைக்காரரும் வாய் திறக்க மாட்டார். நான் என் வீட்டு விறாந்தையில் இப்படித்தான் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறேன், மிக நன்றாக இருக்கிறது.

செம்மண்:

பெருப்பிப்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் மூலக் கோப்புகளைத் தேடி எடுங்கள். பெரிய பிரிண்டில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

தேர்ப் படத்தை வட்ஸ்அப்பில் இருந்து எடுத்து அச்சிடவே வேண்டாம். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். சுருக்கியதை இன்னொரு முறை நசுக்கியும்விடும். 36 அங்குலத்தில் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான் தேறும். அதைவிடக் கெடுதல், கூட்டத்தில் நிற்பவர்களின் முகங்களிலும் தேரின் சிற்ப வேலையிலும் எட்டு எட்டுப் பிக்சலாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். மைத்துனரிடம் அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில், அல்லது பென் டிரைவில். தொலைபேசியில் மூலப் படம் அநேகமாக 4000×3000 இருக்கும். 36 அங்குலத்துக்கு 111 வந்துவிடும்.

இன்னொன்று. தொலைபேசிப் படம் 4:3 விகிதம். 36×24 என்பது 3:2. அப்படியே கொடுத்தால் கடையில் மேலோ கீழோ வெட்டுவார்கள். தேர்ப் படத்தில் மேலே வெட்டினால் கலசம் போய்விடும். கீழே வெட்டினால் வடம் பிடிப்பவர்களின் கால்கள் போய்விடும். எதை விடுவது என்பதைக் கடையில் இருக்கும் பையன் தீர்மானிக்கக் கூடாது, நீங்களே வெட்டிக் கொடுங்கள். இரண்டையும் விட மனமில்லை என்றால் படத்தை 32×24இல் போட்டு இரு பக்கமும் வெள்ளை ஓரம் விடலாம். நான் என்றால் அதைத்தான் செய்வேன்.

பூநாரைக்கும் இதே கேள்விதான். ஏன் 3000 வரைக்கும் வெட்டினீர்கள்? பெரிய படத்தில் வெறும் தண்ணீரும் வானமும் வீண் அல்ல. 4500×3000 வரைக்கும் விட்டுப் பாருங்கள், 125 கிடைக்கும். சின்னத் திரையில் பறவை சிறிதாகத் தெரிகிறதே என்று நினைத்துத்தான் பலர் இறுக்கி வெட்டுகிறார்கள். மூன்றடி அகலத்தில் அந்தப் பறவை உங்கள் உள்ளங்கை அளவு வந்துவிடும், சுற்றிலும் கடல்நீரேரி விரிந்து கிடக்கும். படம் மூச்சு விடும்.

வடலி:

மிக்க நன்றி அக்கா. மைத்துனருக்கு உடனே எழுதிவிட்டேன்.

ஒளிக்கூடு அண்ணா கேட்டதற்குப் பதில்: நீளச் சுவரின் முன்னால் பத்திரிகை வாசிக்கும் நீண்ட மேசை வரும். மேசைக்கு அப்பால் நின்று பார்த்தால் ஒன்றரை மீற்றருக்குக் குறையாது. ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் சுவர் வெறுமையாக இருக்கிறது, அங்கே கிட்டப் போய்ப் பார்க்கலாம். இன்னொரு சந்தேகம். கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் பூநாரைக்கு 72 என்றும் தேருக்கு 96 என்றும் டிபிஐ காட்டுகிறது. இதை 300 என்று மாற்றிக் கொடுத்தால் போதுமா?

ஒளிக்கூடு:

அந்த எண் வெறும் குறிப்பு. 6000 பிக்சல் உள்ள படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் பிக்சல் அதே 6000தான். போட்டோஷொப்பில் பட அளவை மாற்றும் பெட்டியைத் திறந்து, பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் 'ரீசாம்பிள்' என்ற இடத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, அகலத்துக்கு 36 அங்குலம் என்று அடியுங்கள். பக்கத்தில் வரும் எண்தான் உங்களுடைய உண்மையான கையிருப்பு. அதற்குமுன் வந்த 72, 96 எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அச்சு இயந்திரத்தில் 1440, 2880 என்று எழுதியிருப்பது மைத்துளிகளின் எண்ணிக்கை. ஒரு பிக்சலின் நிறத்தை உண்டாக்க இயந்திரம் பல துளிகள் தெளிக்கிறது. அதைப் படத்தின் பிக்சலோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

மேசைக்குப் பின்னால் தேரும் பூநாரையும் போகட்டும். வாசல் பக்கத்து வெறும் சுவர் பழைய படத்துக்கு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இரவு எழுதுகிறேன்.

முற்றத்துமல்லிகை:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் அம்மம்மா காலமாகிவிட்டார். அந்தியேட்டிக்கு முன் சுவரில் மாட்ட ஒரு பெரிய படமும், கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தில் போட ஒரு படமும் தேவை. அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுத்த சின்னப் படம் மட்டுமே முகம் நன்றாகத் தெரியும் படமாக இருக்கிறது. தட்டிவான் சொன்ன மென்பொருளில் தம்பி போட்டுப் பார்த்தான். மிகத் தெளிவாக வந்தது. ஆனால் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது ஆர்?" என்று மட்டும் கேட்டார்.

செம்மண்:

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அம்மா கேட்டது சரியான கேள்வி. இந்த மென்பொருள்கள் முகத்தைத் தெளிவாக்குவதில்லை; தெளிவான முகம் ஒன்றை வரைந்து ஒட்டுகின்றன. பல்லாயிரம் வேற்று முகங்களில் இருந்து கற்ற கண்ணையும் இமையையும் உதட்டையும் உங்கள் அம்மம்மாவின் முகத்தில் வைக்கின்றன. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இமை மயிர் புதிதாக முளைத்திருக்கும், கண்ணின் கீழ் மடிப்பு போயிருக்கும், மூக்குத்தி மாறியிருக்கும். என்னிடம் ஒருவர் கொண்டு வந்த படத்தில் மூன்று கல் மூக்குத்தி ஒற்றைக் கல்லாகிவிட்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் அந்த மூக்குத்தி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தில் அது இல்லை.

மூலச் சின்னப் படத்தை நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 பிக்சல் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் அகலமான படம் ஏறத்தாழ 1650 பிக்சல் தரும். 12 அங்குல அகலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 137. சுவரில் மாட்ட அது போதும். கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மென்மையாக இருந்தாலும் அது அம்மம்மாதான். கல்வெட்டு ஓப்செட்டில் அச்சாவது, அங்கேதான் உண்மையிலேயே 300 வேண்டும்; 4 அங்குல அகலத்தில் போட்டால் 1200 பிக்சல். உங்களிடம் அது இருக்கிறது.

தட்டிவான்:

முகம் பற்றி அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பறவை, மரம், சுவர் போன்றவற்றுக்கு இந்த முறை கெடுதல் செய்யாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். முகத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு வெறும் பெருப்பித்தலை மட்டும் செய்யும் தெரிவும் பல மென்பொருள்களில் இருக்கிறது.

செம்மண்:

பறவைக்கும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தூரத்துப் பூநாரையின் கழுத்து வளைவையும் அலகின் கறுத்த நுனியையும் அது சரியாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரின் சிற்றலையைக் கயிறு முறுக்கியதைப் போல ஆக்கிவிடும். இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம். பெருப்பித்த பிறகு 100 வீதத்தில் வைத்து ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை முழுப் படத்தையும் பாருங்கள். இயற்கைக்குப் பொருந்தாத இடம் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் மூலப் படத்தை மேலே வைத்துத் தடவி விடலாம்.

முற்றத்துமல்லிகை:

நன்றி அக்கா. சின்னப் படத்தையே ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் அதையே விரும்பினார்.

ஒளிக்கூடு:

பழைய படத்துக்கு வருகிறேன். இந்த மூன்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் பழைய படங்களின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். அப்படி இருந்தால் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டாமல் இருந்தால் மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். துணியால் துடைக்கவோ தண்ணீர் காட்டவோ கூடாது. தொலைபேசியால் படம் பிடித்துக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பல்பு வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் இருண்டிருக்கும், கோடுகளும் வளையும்.

ஸ்கேனரில் தானாகத் திருத்தும் வசதிகள் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டாம், வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்புக் கறை ஒரு வண்ணத்தில் அழுத்தமாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் இருக்கும். வண்ணக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகள் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் சிவப்பு அலைவரிசையில் கறை குறைவாகத் தெரியும், அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு நிறத்துக்குப் பல ஆயிரம் படிகளைத் தாங்கும் 16 பிட்டில், தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 600இல் எடுத்தால் தபாலட்டை அளவுக்கு ஏறத்தாழ 3300×2100 பிக்சல் வரும். பெரும்பாலான பழைய பிரதிகளில் அதற்கு மேல் விவரம் கிடையாது. தாளின் நாரும் கீறலும்தான் பெரிதாகும். ஆனால் அந்தக் காலப் பெரிய நெகட்டிவில் இருந்து நேரடியாக ஒற்றி எடுத்த பிரதியாக இருந்தால் 1200இலும் விவரம் கிடைக்கும். வேட்டிக் கரையையும் மூக்குக்கண்ணாடி விளிம்பையும் பாருங்கள். 1200இல் அவை இன்னும் கூர்மையானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் தேன்கூடு மாதிரியான சொரசொரப்பு இருந்தால் ஒரு முறை நேராகவும், படத்தைத் தலைகீழாகத் திருப்பி மறு முறையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாதி ஒளிபுகும்படி கலந்தால் அந்தப் புள்ளி நிழல்கள் பெருமளவு மறைந்துவிடும். பொறுமையாகப் பொருத்த வேண்டும்.

இப்போது அளவு. நிர்வாகசபை 36×24 என்று சொல்லியிருக்கிறது. நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். தேரையும் பூநாரையையும் ஆட்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். "எங்கள் அப்பப்பா எங்கே நிற்கிறார்" என்று முகத்தைப் படத்தோடு வைத்துத் தேடுவார்கள், பேரப்பிள்ளைக்கு விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அரை மீற்றருக்கும் கிட்ட வருவார்கள். அரை மீற்றருக்கு 174 வேண்டும். 3300 பிக்சலை 36 அங்குலத்துக்கு இழுத்தால் 92தான், முகங்கள் கரைந்துபோகும். 18 அங்குல அகலத்தில் போட்டால் 183. சட்டம் 36×24ஆகவே இருக்கட்டும், மூன்று சட்டங்களும் ஒரே அளவில் இருக்கும். நடுவே 18 அங்குலப் படம், சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை. அட்டையின் கீழ்ப் பகுதியில் நிற்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

வடலி:

இதை நிர்வாகசபையில் அப்படியே வாசித்துக் காட்டினேன் அண்ணா. தலைவர் முதலில் சம்மதிக்கவில்லை, "சின்னதாகப் போட்டால் மரியாதைக் குறைவு" என்றார். ஒரு தாளை 18 அங்குலத்துக்கு வெட்டி, வெள்ளை அட்டையின் நடுவில் வைத்துச் சுவரில் பிடித்துக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். பெயர்கள் எழுதும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மைத்துனரின் மூலப் படமும் வந்துவிட்டது, 4000×3000. இனி நிறங்கள். என் மடிக்கணினியில் மிக அழகாகத் தெரியும் படம், முன்பு சின்னதாகப் போட்டுப் பார்த்தபோது இருட்டாக வந்தது. ஏன்?

செம்மண்:

திரை அதிக வெளிச்சத்தில் இருக்கிறது, வேறு காரணம் தேட வேண்டாம். திரை தானே ஒளி வீசுகிறது. தாள் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால், திரையில் போதும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் கோப்பு இன்னும் இருட்டாகவே இருக்கும். அச்சு வேலைக்குத் திரையின் வெள்ளையை ஒரு சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலா வரைக்கும் குறைப்பது வழக்கம். அளக்கும் கருவி இருந்தால் நல்லது, நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒத்துப்போகும் வரைக்கும் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவு நேர மஞ்சள் வடிகட்டியை நிச்சயமாக அணைத்துவிடுங்கள்.

தேர்ப் படத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று வேட்டியின் வெள்ளை. தேரன்று காலை வெயிலில் வெறும் மேலோடு வெள்ளை வேட்டி கட்டி நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். கோப்பில் வெளிச்சத்தின் அளவு 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரைக்கும். வெள்ளை 255ஐத் தொட்ட இடத்தில் அச்சு இயந்திரம் மை விடாது, வெறும் தாள் தெரியும், வேட்டி ஓட்டையாகிவிடும். மிக வெளிச்சமான இடத்தையும் 245 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது தேர்ச்சேலையின் சிவப்பு. இதைப் பெருப்பித்துப் பாருங்கள். துணியின் மடிப்புகள் தெரிகின்றனவா? சிவப்பு அலைவரிசை மட்டும் உச்சத்தை முட்டிவிட்டால், மென்பொருள் காட்டும் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் துணி ஒரே குங்குமப் பூச்சாகிவிடும். பெரும்பாலான தொலைபேசிகள் சிவப்பை ஏற்கெனவே தூக்கிக் கொடுக்கின்றன. சிவப்பின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்கி, அதன் வெளிச்சத்தையும் குறையுங்கள். திரையில் சற்று மந்தமாகத் தெரியும். தாளில் மடிப்பு மடிப்பாகத் துணி எழும்பி நிற்கும்.

ஒளிக்கூடு:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை வேறு விதமாகக் கேட்டால் ஒழியக் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் கொடுங்கள், நிறங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லும் புரொஃபைலை உள்ளே பதித்துக் கொடுங்கள். நல்ல கடை என்றால் அவர்களுடைய தாளுக்கும் மைக்கும் உரிய ஐசிசி புரொஃபைலைக் கேட்டால் தருவார்கள். அதைக் கணினியில் ஏற்றி, போட்டோஷொப்பிலோ லைட்ரூமிலோ அச்சு எப்படி வரும் என்று முன்கூட்டியே திரையில் பார்க்கலாம். நான்கு மைகளுக்கான நிற அமைப்பான சிஎம்வைகேக்கு நீங்களாக மாற்ற வேண்டாம். பெரிய இங்க்ஜெட் இயந்திரங்களில் ஆறு, எட்டு, பன்னிரண்டு மைகள்கூட இருக்கின்றன. நான்கு மைக்குச் சுருக்கிக் கொடுத்தால் அந்த மைகளின் பயனை நீங்களே இழக்கிறீர்கள். கடையில் கொடுக்கும்போது "தானாகத் திருத்த வேண்டாம்" என்று எழுதியும் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். விடியற்காலை மென்சிவப்பைக் கண்டதும் இயந்திரம் அதைக் கோளாறு என்று எண்ணி நடுநிலையாக்கப் பார்க்கும். பூநாரைகள் கொக்குகளாகிவிடும்.

விடியல் வானத்துக்கும் ஒரு சொல். கமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவான ரோ கோப்பில் இருந்து தொடங்கி, கடைசி வரைக்கும் 16 பிட்டில் வேலை செய்யுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மஞ்சளில் இருந்து நீலத்துக்குப் போகும் வானத்தை இழுத்துத் திருத்தினால் பட்டை பட்டையாக உடைந்து தெரியும். பட்டை தெரிந்தால் பழைய ஃபிலிமில் தெரிவதுபோன்ற மிக மெல்லிய மணிப்புள்ளி (கிரெய்ன்) சேருங்கள், மறைந்துவிடும். பெருப்பித்த படத்தின் மெழுகுத் தன்மையையும் அது மறைக்கும். 36×24ஐ 200இல் தயார் செய்தால் 7200×4800 பிக்சல், 8 பிட் டிஃப் ஏறத்தாழ 104 மெகாபைட் வரும், 16 பிட் அதன் இரட்டிப்பு. பென் டிரைவில் கொண்டு போங்கள்.

கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை, இறுதி அளவுக்கு மாற்றிய பிறகு. மினுக்கமில்லாத தாள் மையை உறிஞ்சும், அதற்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். மினுக்கத் தாளுக்குக் குறைவு. பூநாரையின் முதுகில் வெள்ளைக் கோடு ஓடுவது தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

தட்டிவான்:

தாள் எது நல்லது? நான் மினுக்கத் தாளில்தான் போடுவேன், நிறம் பொங்கும்.

செம்மண்:

அந்த மண்டபத்தில் வேண்டாம். எதிரே யன்னல்கள், மேலே ரியூப் லைட். மினுக்கத் தாளில் தேருக்குப் பதிலாக யன்னல்தான் தெரியும். மினுக்கமில்லாத தாள் என்பது என் தெரிவு.

ஒளிக்கூடு:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மினுக்கமில்லாத தாளில் கறுப்பு ஆழமாக வராது, தேரின் உள்நிழல் சாம்பலாகிவிடும். அரை மினுக்கமான லஸ்டர் தாள் இரண்டுக்கும் நடுவே நிற்கும். பழைய படத்துக்கு மட்டும் அக்கா சொல்வதுபோல மினுக்கமில்லாதது.

எந்தத் தாள் என்றாலும் முழுப் படத்தையும் ஒரேயடியாகப் போட வேண்டாம் தம்பி. ஒவ்வொரு படத்திலும் முக்கியமான இடத்தை, இறுதி அளவிலேயே, நான்கு அங்குல அகலப் பட்டையாக வெட்டி மூன்றையும் ஒரே துண்டில் ஒட்டிப் போடச் சொல்லுங்கள். தேர்ச்சேலையும் வேட்டியும் வரும் இடம், பூநாரையும் வானமும் சேரும் இடம், பழைய படத்தில் இரண்டு முகங்கள். சிறிய செலவு. அந்தத் துண்டைக் கடையில் வைத்துப் பார்க்காதீர்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோய், படம் தொங்கப் போகும் உயரத்தில் ஊசியால் குத்தி, பகலிலும் மாலையில் லைட் போட்ட பிறகும் பாருங்கள்.

கிடுகு:

நான் சட்டம் போடும் தொழிலில் இருப்பவன். கோப்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

புதிய மண்டபம் என்றால் பூச்சில் ஈரம் இன்னும் இருக்கும். மாரியில், ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும், சுவர்கள் வியர்க்கும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய ரப்பர் குமிழ் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள். கண்ணாடி போடுவதென்றால் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. மவுண்ட் அட்டையின் தடிப்பே இடைவெளியைத் தரும். ஒளிக்கூடு சொன்ன கண்ணாடியோடு ஒட்டிய படங்களை நான் மாதா மாதம் பார்க்கிறேன், எல்லாமே இடைவெளி விடாமல் போட்டவை. அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். பின்பக்கத்தைத் தாள் ஒட்டுநாடாவால் முழுதாக மூடுங்கள், பூச்சி புகாது.

கன்வஸில் போடும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள கட்டையில் சுற்றி ஆணி அடிக்க ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் தேவை. 36×24 படத்துக்கு 40×28 துணி. கோப்பில் அந்த ஓரம் இல்லாமல் கொண்டுவந்தால், தேரின் கலசத்தைக் கட்டையின் மேற்பக்கத்துக்கு மடிக்க வேண்டி வரும்.

மூலப் பழைய படத்தை மண்டபத்தில் மாட்ட வேண்டாம். பிரதியை மாட்டுங்கள். மூலத்தை அமிலமற்ற உறையில் போட்டு அந்த வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வடலி:

பட்டைத் துண்டு போட்டு மண்டபத்தில் பார்த்துவிட்டோம். லஸ்டர் தாள். தேர்ச்சேலையின் மடிப்புகள் நன்றாகத் தெரிகின்றன, வேட்டிகளிலும் சுருக்கம் தெரிகிறது. பழைய படத்தின் இரண்டு முகங்களில் ஒருவரைத் தலைவர் பார்த்ததும் அடையாளம் சொன்னார்.

பூநாரையில்தான் பிரச்சினை. பகலில் சரியாக இருக்கிறது. மாலையில் லைட் போட்டதும் மென்சிவப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல இருக்கிறது. கோப்பில் சிவப்பைக் கூட்டலாமா?

ஒளிக்கூடு:

கோப்பைத் தொட வேண்டாம். கூட்டினால் பகலில் ரோஜா நிறமாகிவிடும். மண்டபத்தில் இருப்பது நீல வெள்ளை ரியூப், 6500 கெல்வினாக இருக்கும். அந்த மூன்று படங்களுக்கு மேல் இருக்கும் லைட்களை மட்டும் 4000 கெல்வின், நிறத் துல்லியச் சுட்டி (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்ஈடியாக மாற்றுங்கள். பெட்டியிலேயே எழுதியிருக்கும். மாற்றிய பிறகு அதே துண்டை இன்னொரு மாலை பாருங்கள், பிறகு முழு அளவுக்குக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன், அடுக்குகளோடு இருக்கும் 16 பிட் மூலக் கோப்பைத் தனியாகவும், அச்சுக்கான கோப்பைத் தனியாகவும் சேமித்து, அச்சுக் கோப்பின் பெயரிலேயே அளவையும் தாளையும் மாதத்தையும் எழுதிவிடுங்கள். மண்டபத்துப் பிரதி நிறம் மங்கும் காலத்தில் அடுத்தவர் வந்து அதே படத்தை மறுபடி போட வேண்டியிருக்கும்.

வடலி:

அப்படியே செய்கிறேன் அண்ணா. லைட் வாங்க நாளை சுன்னாகம் போகிறேன். பெயர்ப் பட்டியலில் பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரை மட்டும் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. ஸ்கேன் செய்த முகத்தைத் தனியாக எடுத்து ஊரில் உள்ள முதியவர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.